கர்ப்பமாக இருக்கும்போது பச்சிளம் குழந்தை வார்டில் வேலை செய்யலாமா?

கேள்வி: அரசு மருத்துவமனை ஒன்றில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 29. இப்போது மூன்றாவது மாதம். போன வாரம் சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ், கர்ப்பத்தில் தாய்க்கு வந்தால் வயிற்றுக் குழந்தையையும் தாக்கக்கூடியது) கிருமியோடு பிறந்த குழந்தை ஒன்றை அட்மிட் செய்தார்கள். அதிலிருந்து மாமியார், "வேற வார்டு கேளு, இல்லேன்னா லீவு போடு" என்கிறார். வீட்டில் இரண்டு வயது மகன் இருக்கிறான். என்ன செய்யட்டும் சிஸ்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றில் இருப்பது அவருடைய பேரப்பிள்ளை, பயப்படத்தான் செய்வார். ஆனால் அந்த ஒரு குழந்தையைப் பார்த்து ஒதுங்கிப் பயனில்லை. சிஎம்வியோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்பதுக்குப் பிறக்கும்போது ஒரு அறிகுறியும் இருக்காது. கேஸ் ஷீட்டில் பெயர் எழுதாத சிஎம்வி குழந்தைகளுக்கும் நீங்கள் துணி மாற்றியிருப்பீர்கள்.

இந்தக் கிருமி சிறுநீரிலும் எச்சிலிலும் இருக்கும். அவை பட்ட கை நம் வாய்க்கோ மூக்குக்கோ கண்ணுக்கோ போகும்போதுதான் தொற்றும். அதனால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே கவனம்தான். நாப்கின் மாற்றும்போதும் சளி உறிஞ்சும்போதும் கையுறை போடுங்கள். அதைக் கழற்றும்போது மணிக்கட்டில் ஈரம் ஒட்டிக்கொள்ளும். எனவே கழற்றியதும் சோப்பு போட்டு மணிக்கட்டு வரை கழுவுங்கள். டியூட்டியில் வாட்ச், வளையல் வேண்டாம். கையுறையோடு செல்போனை எடுக்கும் பழக்கத்தை நிறைய வார்டுகளில் பார்த்து மனம் பதறியிருக்கிறேன்.

கவனமாகக் கை கழுவும் நர்ஸைவிட, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும் தாய்க்குத்தான் சிஎம்வி வர வாய்ப்பு அதிகம். மகன் கடித்த பிஸ்கட்டை வாயில் போடுவது, அவன் மிச்சம் வைத்த பாலைக் குடிப்பது, உதட்டில் முத்தம் கொடுப்பது எல்லாம் பிரசவம் வரை வேண்டாம். நெற்றியில் முத்தம் கொடுங்கள்.

அப்புறம், எனக்குப் பெரிய கவலை ருபெல்லாதான், அதாவது கர்ப்பத்தில் வந்தால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் ஜெர்மன் தட்டம்மை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது 15 வயதுக்குள் இருந்தவர்களுக்குத்தான் போட்டார்கள். உங்களுக்கு அந்த வயது தாண்டியிருக்கும். ருபெல்லாவுக்கும் சின்னம்மைக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பாருங்கள். ருபெல்லாவோடு பிறந்த குழந்தையிடமிருந்து ஒரு வயது வரைகூட கிருமி வெளியேறலாம். உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால், அப்படிப்பட்ட குழந்தை வரும்போது வேறு ஆளைப் போடச் சொல்லி இன்சார்ஜ் சிஸ்டரிடம் தயங்காமல் கேளுங்கள். இந்த இரண்டு தடுப்பூசிகளையும் கர்ப்பத்தில் போடக்கூடாது. பிரசவம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மா பிரசவ வார்டில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். குப்பைப் பையைக் கட்டும்போது ஊசி குத்திவிட்டது. "சின்னக் குத்துதான், விடு" என்கிறார். விடலாமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: விடவே கூடாது தம்பி. குத்திய இடத்தைப் பிதுக்காமல், ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லி, நடந்ததை எழுத்தில் பதிய வைக்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். தேவையென்றால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். ஊசிக் குத்தில் எச்ஐவி வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி அதைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும். அம்மா அந்தத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அதைப் போட வேண்டும் என்று மருத்துவக் கழிவு மேலாண்மைக்கான 2016 விதிகளே சொல்கின்றன. ஒப்பந்தப் பணியாளர் என்று விலக்க முடியாது. ஊசி போக வேண்டியது குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பாவுக்குள். அது குப்பைப் பைக்குள் வந்தது அம்மாவின் தவறே இல்லை. அதையும் சேர்த்தே புகாராக எழுதிக் கொடுங்கள்.