கோய் குவோன்: தாள் கிழிகிறது, இறால் தெரியவில்லை, இன்னும் சில

கோய் குவோன் என்பது இறால், பன்றி இறைச்சி, தழைகளை அரிசித்தாளில் சுருட்டிச் செய்யும், தென் வியட்நாமின் பொரிக்காத ரோல். அது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

கே: செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை. எங்கே தவறு?

ப: கிழிந்ததா, ஒட்டிக்கொண்டதா, ரப்பர் போல் ஆனதா? அதைச் சொல்லாமல் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? தாளின் அளவு, தண்ணீரின் சூடு, நனைத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

கே: வெந்நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்தேன். தூக்கும்போதே கிழிந்துவிட்டது.

ப: கிழியாமல் என்ன செய்யும்! தயவுசெய்து இந்தத் தாளை ஊறவைக்காதீர்கள். அரிசி மாவோடு மரவள்ளி மாவும் கலந்து, மெல்லியதாக ஊற்றி ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டியில் காயவைத்த தாள் இது. மேலே தெரியும் கட்டம்போட்ட தடம் அந்தத் தட்டியுடையதுதான். ஏற்கெனவே வெந்த பொருளுக்கு இழந்த ஈரம் திரும்பினால் போதும். வெந்நீரில் போட்டால் மேற்பரப்பு பசையாகி, தாள் தன்மேல் தானே மடிந்து ஒட்டும்.

அகலமான தட்டில் அறைச் சூட்டிலோ சற்று வெதுவெதுப்பாகவோ தண்ணீர் வையுங்கள். 22 செ.மீ. தாளை முக்கித் திருப்பி, ஐந்து விநாடியில் எடுத்துவிடுங்கள். தடித்த தாளென்றால் பத்து. எடுக்கும்போது விறைப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். சொட்டும் நீரை உதறி, ஈரத்துணி விரித்த பலகையில் போடுங்கள். உள்ளடக்கத்தை அடுக்கும் ஒரு நிமிடத்தில் தானே இளகிவிடும். உலர்ந்த மரப்பலகை வேண்டாம், பிடித்துக்கொள்ளும். பத்துத் தாளை ஒன்றாக நனைத்து வைப்பதும் வேண்டாம். ஒவ்வொன்றாக நனைத்து ஒவ்வொன்றாகச் சுருட்டுங்கள்.

இன்னொன்று: கீரை, புதினா, மல்லியை நன்றாகத் துடைத்துப் போடுங்கள். இலையில் தங்கும் தண்ணீரும் தாளைக் கிழிக்கும்.

கே: கடையில் வாங்கிய ஸ்பிரிங் ரோல் ஷீட்டைத் தண்ணீரில் முக்கினேன், கூழாகிவிட்டது.

ப: அது கோதுமை மாவு ஷீட், பொரிப்பதற்கானது. பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

கே: பன்றி இறைச்சி கறுத்து, தடியாக நிற்கிறது.

ப: கொழுப்பும் சதையும் அடுக்காக உள்ள வயிற்றுப் பகுதியில் அரை கிலோவை வெட்டாமல், உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு மெல்லிய கொதியில் அரை மணி நேரம் வேகவிடுங்கள். குத்தினால் சிவப்பு நீர் வரக்கூடாது. உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நிறம் வெளுப்பாக நிற்கும். முழுதாக ஆறிய பிறகு 2-3 மி.மீ. தடிமனில் சீவுங்கள், சூட்டில் வெட்டினால் பிய்யும். வெந்த நீரைக் கொட்டாதீர்கள், சாஸுக்கு வேண்டும்.

கே: இறாலின் சிவப்பு வெளியே தெரிய என்ன செய்வது?

ப: இறாலை இரண்டு நிமிடம் வேகவைத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து குடலை எடுங்கள். தாளின் உங்கள் பக்கத்து ஓரத்தில் லெட்யூஸ், வேகவைத்து வடித்த அரிசி சேமியா, தழைகள், இறைச்சி. ஒரு சுற்று இறுக்கமாக உருட்டி, இரு பக்கத்தையும் மடியுங்கள். அதன் பிறகு மீதித் தாளில், சிவப்பு முதுகு கீழே பார்க்க மூன்று இறால் துண்டுகளை வரிசையாக வைத்து உருட்டி முடியுங்கள். சேமியா ஒரு சிறு பிடிதான். அதிகம் அடைத்தால் தாள் வெடிக்கும்.

கே: முதல் நாள் இரவே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ப: கூடாது. குளிரில் மாவுச்சத்து இறுகித் தாள் தோல் போலாகும். இறைச்சி, இறால், தழை எல்லாவற்றையும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் சுருட்டுங்கள். சுருட்டியதை ஒன்றோடொன்று தொடாமல் ஈரத்துணியால் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். உள்ளே வெந்த இறால் இருக்கிறது.

கே: தொட்டுக்கொள்ள?

ப: பூண்டை எண்ணெயில் வதக்கி, நான்கு கரண்டி ஹாய்சின் சாஸ் (சோயாவில் செய்யும் இனிப்பான கெட்டிச் சாஸ்), ஒன்றரைக் கரண்டி கடலை வெண்ணெய், அரை கப் இறைச்சி வெந்த நீர் சேர்த்துக் கெட்டியாகும் வரை கிளறுங்கள். மேலே வறுத்த வேர்க்கடலை உடைத்தது, மிளகாய். மீன் சாஸ்தான் வேண்டுமென்றால், அதோடு எலுமிச்சைச் சாறு, சர்க்கரை தலா ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. மீன் சாஸே உப்புக் கரிக்கும், தனியாக உப்புப் போடாதீர்கள்.