உறைய வைத்த உடல் எழுந்து வருமா?

(தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டரம்மா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அமெரிக்காவில் இறந்தவர்களின் உடலை நைட்ரஜனில் போட்டு வைத்திருக்கிறார்களாம். பின்னால் விஞ்ஞானம் வளர்ந்ததும் எழுப்புவார்களாம். நீங்கள் சினை ஊசி போட்ட காலத்தில் காளை விந்தும் அதே நைட்ரஜனில்தானே இருந்தது? செத்துப்போன காளையின் விந்தில் எங்கள் கொட்டகையிலேயே கன்று பிறந்திருக்கிறது. அது முடியும் என்றால் மனுஷனுக்கு ஏன் முடியாது?
— பால் உற்பத்தியாளர், காரிமங்கலம்

பதில்: நியாயமான கேள்வி. நைட்ரஜன் கேனைத் தினமும் திறந்து மூடியவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நைட்ரஜன் அதேதான், திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் உயிருள்ள பொருளுக்குள் நடக்கும் ரசாயன வேலை அத்தனையும் நின்றுவிடும். அழுகலும் கிடையாது, மூப்பும் கிடையாது. விந்து அடைத்த ஒரு குச்சியை (ஸ்ட்ராவை) 2 வருஷம் வைத்தாலும் 30 வருஷம் வைத்தாலும், கேனில் நைட்ரஜன் தீராமல் பார்த்துக்கொண்டால் பெரிய வித்தியாசம் இராது. 1990களின் தொடக்கத்தில் உறைய வைத்த மனிதக் கருவிலிருந்து 30 வருஷம் கழித்துக் குழந்தை பிறந்திருக்கிறது. நம் நாட்டிலும் இதற்கு மூத்த கதை ஒன்று உண்டு. கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், உறைய வைத்த கருவைத் தாயின் வயிற்றில் வைத்து, 1978 அக்டோபரில் ஒரு பெண் குழந்தையைப் பிறக்க வைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை அதை யாரும் ஏற்கவில்லை. 1981ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

ஆக, குளிரில் வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. குளிருக்குள் இறக்கும்போதும், திரும்ப வெளியே எடுக்கும்போதும்தான் சிக்கல்.

செல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அது உறைந்தால் பனிப் படிகமாகிச் செல்லின் சவ்வைக் கிழித்துவிடும். வெளியில் இருக்கும் தண்ணீர் மட்டும் உறைந்தாலும், மீதித் தண்ணீரில் உப்பு ஏறிப்போய் செல் சுருங்கிச் சாகும். 1949ல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவல் விந்தில் கிளிசரின் சேர்த்தால் அது உறைந்து மீண்டும் உயிர்க்கிறது என்று கண்டுபிடித்தார்கள். காளை விந்துக்கும் அதே வழிதான். ஓசூர் மத்திகிரிப் பண்ணையிலிருந்து நமக்கு வந்த உறைவிந்துக் குச்சிகளிலும் கிளிசரின் உண்டு.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். கிளிசரின் போட்டாலும் உறைவிந்தில் எல்லா உயிரணுவும் பிழைப்பதில்லை. ஒரு குச்சியில் சுமார் 2 கோடி உயிரணு இருக்கும். 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிஷம் வைத்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், பாதி நீந்தினாலே அது நல்ல குச்சி. மீதிப் பாதி போயிற்று. நமக்குக் கவலையில்லை, சினை பிடிக்க ஒன்று போதும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. உங்கள் அம்மாவின் குரல், மாட்டுக்கு நீங்கள் வைத்த பெயர், வாங்கிய கடன், கொடுத்த வாக்கு எல்லாம் அவற்றுக்கிடையே உள்ள இணைப்புகளில் இருக்கிறது. அதில் எந்தப் பாதியை விடுவது? கன்று பிறந்ததை வைத்து மனிதன் எழுவான் என்று கணக்குப் போட முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் அளவு. ஒரு ஸ்ட்ரா கால் மில்லி. ஒரே சீராகக் குளிரும், ஒரே சீராகச் சூடாகும். முழு உடம்பு அப்படிக் குளிராது. அதனால் இப்போது பனியே உண்டாகாமல், அடர்த்தியான மருந்துக் கரைசலை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி, உடம்பைக் கண்ணாடி போல இறுக வைக்கிறார்கள். பனிப் படிகத்தை இது பெரும்பாலும் தவிர்க்கிறது, உண்மை. ஆனால் அவ்வளவு அடர்த்தியில் அந்த மருந்தே செல்லுக்கு நஞ்சு. அதோடு, மைனஸ் 130க்கும் கீழே போகப் போக உறுப்புகளில் விரிசல் விடுகிறது. சூடான அரிக்கேன் கண்ணாடியில் தண்ணீர் பட்டால் ஆகிறதே, அப்படி.

இவ்வளவையும் தாண்டி ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அமெரிக்காவில் கிரெக் ஃபாஹி குழுவினர் ஒரு முயலின் சிறுநீரகத்தை இப்படிக் கண்ணாடியாக்கி, மீண்டும் சூடாக்கி, முயலுக்கே பொருத்தினார்கள். அந்த ஒரே சிறுநீரகத்தோடு அது 48 நாள் வாழ்ந்தது. ஆராய்ச்சிக்காக அவர்களே முடித்துவைக்கும்வரை வேலை செய்தது. 2009ல் வெளியிட்டார்கள். 2023ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலிகளின் சிறுநீரகத்தை 100 நாள் வரை இப்படி வைத்திருந்து, இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் காந்தப் புலத்தால் சூடேற்றி உள்ளும் வெளியும் சீராக வெப்பமாக்கி, 5 எலிகளுக்குப் பொருத்தினார்கள். வேலை செய்தது! தானமாகக் கிடைக்கும் இதயம் இன்று ஐஸ் பெட்டியில் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள், அதற்குச் சற்று மேல். உறுப்பை மாதக்கணக்கில் வைக்க முடிந்தால், டயாலிசிஸுக்காக விடிவதற்குள் பஸ் ஏறும் நம் ஊர்க்காரர்களின் வாழ்க்கையே மாறும். இந்த விஞ்ஞானத்தில் நான் ஆவலோடு எதிர்பார்த்திருப்பது இதைத்தான்.

ஆனால் இதுவரை முழு மனிதனை விடுங்கள், உறைய வைத்த ஒரு முழு எலியைக்கூட நைட்ரஜன் குளிரிலிருந்து யாரும் உயிரோடு எழுப்பியதில்லை.

கேள்வி: என் அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள். நான் ஐ.டி.யில் வேலை பார்க்கிறேன். ராயக்கோட்டை பக்கம் இருக்கும் நிலத்தை விற்றால் அவரை உறைநிலையில் வைக்க முடியும் என்று நினைக்கிறேன். இந்தியாவில் எங்கே செய்கிறார்கள்? எவ்வளவு ஆகும்?
— மென்பொருள் பொறியாளர், ஓசூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்பாவை விட மனசில்லாமல்தான் கேட்கிறீர்கள். கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

இந்தியாவில் இப்படி உடலை வைக்கும் நிலையம் இல்லை. அமெரிக்காவில் பெயர்பெற்றவை இரண்டு. அரிசோனாவில் ஆல்கோர், 1972ல் தொடங்கியது. முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் ஆகும், தலையை மட்டும் வைக்க 80 ஆயிரம் டாலர். மிச்சிகனில் 1976ல் தொடங்கிய கிரயானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் 28 ஆயிரம் டாலர், அதாவது 20 லட்சம் ரூபாய்க்கு மேல். உடலைக் கொண்டுபோகும் செலவு அதில் சேராது. அங்கே பலர் ஆயுள் காப்பீட்டின் மூலம் இதைக் கட்டுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்குப் புதிதாகக் காப்பீடு கிடைக்காது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் நேரம். சட்டப்படி மரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் தொட முடியும். அந்த நிமிஷமே பக்கத்தில் காத்திருக்கும் குழு உடலை ஐஸ் தொட்டியில் இறக்கி, இயந்திரத்தால் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைத்து, ரத்தம் கட்டியாகாமல் இருக்க மருந்து ஏற்ற வேண்டும். ரத்த ஓட்டம் நின்ற சில நிமிஷங்களிலேயே மூளை கெடத் தொடங்கிவிடும். ஓசூரில் மரணச் சான்றிதழ், அப்புறம் பெங்களூரு விமான நிலையம், தூதரகக் காகிதங்கள், அங்கிருந்து ஒரு நாள் பயணம். அந்த உடல் அரிசோனா போய்ச் சேரும்போது, காப்பாற்ற நினைத்தது அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

சேர்ந்த பிறகும் ஒரு கவலை உண்டு. நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மருந்தகத்தில் கேனுக்குள் அளவுகோலை விட்டு எடுத்து, வெண்பனி எதுவரை படிகிறது என்று பார்ப்போம். அளவு குறைந்தும் யாரும் கவனிக்காவிட்டால் உள்ளே இருக்கும் விந்து அத்தனையும் வீண். மனித உடல்களுக்கும் இது நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் சாட்ஸ்வர்த் என்ற இடத்துக் கல்லறையில் நிலத்தடி அறையில் வைத்திருந்த 9 உடல்கள், உறவினர்களிடமிருந்து பணம் வருவது நின்றதும் கவனிப்பாரின்றி உருகி அழுகிப்போயின. 1979ல் அது வெளியே வந்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 12ஆம் தேதி உறைய வைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற உளவியல் பேராசிரியரின் உடல் இன்றும் ஆல்கோரில் இருக்கிறது. முதன்முதலில் உறைய வைக்கப்பட்டவர் அவர்தான். அவருடைய குடும்பம் பல வருஷம் தாங்களே முன்னின்று பார்த்துக்கொண்டதால் அது தப்பியது.

இதை விரும்புகிறவர்களை நான் ஒருநாளும் குறைவாகப் பேச மாட்டேன். 2016ல் இங்கிலாந்தில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 14 வயதுப் பெண் ஒருத்தி, தன்னை உறைய வைக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டாள். பெற்றோருக்குள் கருத்து வேறுபாடு. நீதிபதி பீட்டர் ஜாக்சன் அவள் அம்மா முடிவெடுக்கலாம் என்று தீர்ப்பளித்தார். அந்தச் சின்னப் பெண்ணின் ஆசையில் என்ன குறை சொல்ல முடியும்? ஆனால் அது அவளே கேட்டது. உங்கள் கடிதத்தில் அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அவரிடம் கேளுங்கள். தன் நிலத்தை விற்று இதைச் செய்யச் சொல்லி அவர் கேட்பாரா?

நிலத்தை விற்க வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து. கணையப் புற்றில் வலி கடுமையாக இருக்கும். வலி தணிப்புச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துப் போங்கள். மார்ஃபின் மாத்திரைக்குப் பயப்படாதீர்கள், மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்தால் அவர் நிம்மதியாகத் தூங்குவார், உங்களோடு பேசுவார். லீவு எடுத்துக்கொண்டு கூடவே இருங்கள்.

கேள்வி: பனியில் உறைந்து மீண்டும் குதிக்கும் தவளை இருப்பதாக எங்கள் பேராசிரியர் சொன்னார். நிஜமா அம்மா?
— விலங்கியல் மாணவி, பென்னாகரம்

பதில்: நிஜம்தான் கண்ணு. வட அமெரிக்கக் காட்டுத் தவளை ஒன்று குளிர்காலத்தில் உடல் நீரில் பாதிக்கு மேல் பனியாகி, இதயம் நின்று கிடக்கும். கல்லீரல் ஏராளமாகச் சர்க்கரையை ரத்தத்தில் விடுவதால் செல்லுக்குள் பனி புகாது. வசந்தத்தில் இதயம் தானாகத் துடிக்கும். ஆனால் அது தாங்குவது பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்குள்ளான குளிரைத்தான். நைட்ரஜனில் போட்டால் அதுவும் பிழைக்காது. இந்தத் துறையில் மேற்படிப்பு படிக்க ஆசை இருந்தால் உயிர்வேதியியலை இப்போதே நன்றாகப் படி.

கேள்வி: அதியமான் அவ்வைக்குக் கொடுத்த நெல்லிக்கனி நம் தகடூர் மண்ணின் கதை. நெல்லி உண்மையிலேயே ஆயுளைக் கூட்டுமா? என் நண்பர் சர்க்கரை நோய் இல்லாமலே, ஆயுள் நீளும் என்று மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். நானும் சாப்பிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

பதில்: ஐயா, நெல்லியில் வைட்டமின் சி நிறைய உண்டு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணம் இல்லை.

மெட்பார்மின் வேண்டாம். சர்க்கரை இல்லாதவருக்கு அது ஆயுளை நீட்டும் என்று எந்தப் பெரிய ஆய்வும் இன்னும் காட்டவில்லை. எலிகளிடம் தெளிவாக வேலை செய்தது ராபமைசின். ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, பனாரஸில் படித்த சுரேந்திர நாத் சேகல் கனடாவில் பிரித்தெடுத்த மருந்து அது. 2009ல் வெளியான ஆய்வில், நடுவயது தாண்டிய எலிகளுக்குக் கொடுத்தும் ஆண் எலிகளின் ஆயுள் சுமார் 9 சதவீதமும் பெண் எலிகளின் ஆயுள் சுமார் 14 சதவீதமும் கூடியது. ஆனால் அது நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுப்பது. கடையில் வாங்கிச் சாப்பிடுகிற சமாச்சாரம் இல்லை. மனிதரில் அதிகம் வாழ்ந்ததாகப் பதிவானவர் பிரான்சின் ழான் கல்மான். 122 வயதில், 1997ல் இறந்தார். அவரைத் தாண்டியவர் இன்னும் இல்லை.

உச்ச வயது அசையவில்லை. ஆனால் சராசரி வயதைப் பாருங்கள். சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது அளவில் இருந்தது. இன்று சுமார் 70. தடுப்பூசி, பிரசவ ஆஸ்பத்திரி, வயிறாரச் சோறு, நல்ல தண்ணீர், இவைதான் அதைச் செய்தன. நம் மாவட்டங்களின் பாறை நிலத்தில் போர் ஆழமாகப் போகப் போக ஃப்ளோரைடு ஏறியது. பழுப்பேறிய பற்களைப் பிள்ளைகளிடம் மட்டுமா பார்த்தேன்? பசு மாட்டின் வாயைத் திறந்தாலும் அதே கறை. நாற்பது வயதிலேயே முதுகு வளையாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜப்பான் நிதியுதவியோடு 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. இன்னும் சில வீடுகளில் குழாய்த் தண்ணீரைத் துணி துவைக்கவும், போர்த் தண்ணீரைக் குடிக்கவும் வைத்திருக்கிறார்கள். ஐயா, நீங்கள் ஆசிரியர், தெருவில் உங்கள் சொல் எடுபடும். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர்தான் என்று சொல்லுங்கள். அப்புறம், உங்கள் ரத்த அழுத்தத்தை மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதுக்கு அது மெட்பார்மினைவிட முக்கியம்.

கேள்வி: எங்களிடம் அசல் ஆலம்பாடிக் காளை ஒன்று இருக்கிறது. வயதாகிவிட்டது. அதன் விந்தையாவது உறைய வைக்க முடியுமா?
— விவசாயி, அஞ்செட்டி

பதில்: முடியும், தாமதிக்காதீர்கள். ஆலம்பாடி இனம் குறைந்துகொண்டே வருகிறது, ஒவ்வொரு நல்ல காளையும் முக்கியம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆலம்பாடி இன ஆராய்ச்சி மையம் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் மூலம் தகவல் கொடுங்கள். காசநோய், கருச்சிதைவு நோய் முதலியவற்றுக்கு ரத்தமும் தோலும் சோதிப்பார்கள், இனத் தகுதி பார்ப்பார்கள், அப்புறம்தான் விந்து எடுப்பார்கள். வயது ஏற ஏற உயிரணுவின் வேகம் குறையும். காளை இறந்தபின் விரையிலிருந்து எடுக்கச் சில மணி நேரமே அவகாசம், கிராமத்தில் அது நடக்கிற காரியமில்லை. இப்போதைக்குப் பச்சைத் தீவனமும் தாது உப்பும் கூட்டிக் கொடுங்கள், வெயிலில் கட்டாதீர்கள்.