எலும்பு கரைந்தால் பாஸ்பேட் எங்கே போகிறது?

கேள்வி: மருத்துவ முதலாண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். கால்சியம், பாஸ்பேட் பாடத்தில் ஹார்மோன்களை அட்டவணையாகப் போட்டுக் கொடுக்கிறேன். மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒரே வாரத்தில் ஏற்றம், இறக்கம் காட்டும் அம்புக்குறிகள் எல்லாம் தலைகீழாகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: அந்த அட்டவணையை நானும் பல வருஷம் கரும்பலகையில் எழுதியவன்தான். ஒருநாள் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைக்கிறது என்றீர்கள். எலும்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்துதானே இருக்கின்றன? ரத்தத்தில் பாஸ்பேட் மட்டும் எப்படிக் குறையும்?" நான் அட்டவணையைத் தட்டிக் காட்டினேன். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது அந்தக் கேள்வியில்தான் வகுப்பையே தொடங்குகிறேன். பத்து நிமிடம் திணறட்டும். எலும்பு இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்கும். நமக்கு வேண்டியதோ கால்சியம். கூடவே வந்த பாஸ்பேட் ரத்தத்தில் தங்கினால் கால்சியத்தோடு மறுபடி ஒட்டிக்கொள்ளும், பட்ட பாடெல்லாம் வீண். அதனால் அதே ஹார்மோன் சிறுநீரகத்தில் கால்சியத்தைப் பிடித்து வைக்கிறது, பாஸ்பேட்டை வெளியே தள்ளுகிறது. இது விளங்கிய பிறகு அம்பு திரும்பாது.

அப்புறம் வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியால்: குடலிலிருந்து இரண்டையும் ஏற்றும். "அப்படியென்றால் பாஸ்பேட் அதிகமானால் யார் பார்ப்பது?" என்று யாராவது கேட்கும் வரை எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனின் பெயரை எடுக்காதீர்கள். கேட்டதும் சொல்லுங்கள்: எலும்பே அதைச் சுரக்கிறது, பாஸ்பேட்டைச் சிறுநீரில் விடுகிறது, கால்சிட்ரியாலையும் குறைக்கிறது. கால்சியத்தைக் குறைக்கும் தைராய்டு ஹார்மோனான கால்சிடோனினுக்கு இரண்டு நிமிடம் போதும். தைராய்டை முழுதாக எடுத்தாலும் அதை ஒட்டியுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பிழைத்திருந்தால் கால்சியம் சீராகவே இருக்கிறது.

ஒரு சின்ன வேடிக்கையும் செய்யலாம். பதற்றத்தில் மூச்சு வாங்கி, விரல்கள் மடங்கி இறுகிப்போன ஒருவரின் ரிப்போர்ட்டைக் கொடுங்கள்: மொத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 9.5 மில்லிகிராம். நார்மல்தானே என்று குழம்புவார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் எதிலும் ஒட்டாத தனி அயனி. நரம்புக்கு அந்தப் பாதிதான் கணக்கு. வேகமாக மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடும்; அப்போது ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் இன்னும் கொஞ்சம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, தனி அயனி குறைகிறது.

பரீட்சையில் அட்டவணை கேட்காதீர்கள். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பைக் கொடுங்கள். பாராதைராய்டு ஹார்மோன் இவ்வளவு ஏறியும் பாஸ்பேட் ஏன் இறங்கவில்லை? "வெளியே தள்ள வேண்டிய சிறுநீரகமே படுத்துவிட்டதே" என்று எழுதியிருந்தால், நான் முழு மதிப்பெண் போட்டுவிடுவேன்.