கேள்வி-பதில்: கிட்டாரை நானே பூட்டலாமா, கடையில் வாங்கலாமா?

கையில் முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஃபெண்டர் கம்பெனியின் எலெக்ட்ரிக் கிட்டார் மாடல்) வகை கிட்டார் கடையில் வாங்குவதைவிட பாடி (உடல்), நெக் (கழுத்து), பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) எல்லாம் தனித்தனியாக வாங்கி நானே பூட்டினால் காசு மிச்சமாகுமா?
வாசகர், பெரம்பூர்

ஆகாது. தொழிற்சாலைக்காரர் ஆயிரக்கணக்கில் வாங்கும் பாகத்தை நீங்கள் ஒன்றே ஒன்று வாங்குகிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வருவித்தால் கூரியரும் சுங்க வரியும் தனி. நட் (நெக்கின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் பள்ளக்கட்டை) அரம், ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அரம் என்று கருவிச் செலவு வேறு. நாளை விற்கப் போனாலோ பாகங்களின் விலைகூடத் தேறாது. இடதுகைக்காரர், பருத்த நெக் வேண்டும், கடையில் இல்லாத பிக்கப் சேர்க்கை வேண்டும் என்றால் இறங்குங்கள், சிக்கனத்துக்காக வேண்டாம்.

இறங்குவதானால் முதல் வேலை அளவு பார்ப்பது. 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நெக்கை ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவில் பிடித்திருந்தார்கள். இன்று ஒருவர் செய்த பாடியில் இன்னொருவர் செய்த நெக்கைப் பூட்ட முடிவது அதனால்தான். ஆனால் "ஸ்ட்ராட் நெக்" என்று எழுதியிருப்பதெல்லாம் உட்காராது. பாக்கெட் (பாடியில் நெக் உட்காரும் குழி) 56 மி.மீ. அகலம், ஐந்து நூல் (⅝ அங்குலம்) ஆழம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். நெக் 25½ அங்குல ஸ்கேலா (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) என்பதையும் கேளுங்கள். 24¾ அங்குல நெக்கை இந்த பாடியில் மாட்டினால், அந்த நெக் இந்த பாடிக்கென்றே வெட்டியதாக இல்லாதவரை, சுருதி சேரவே சேராது. பிரிட்ஜிலும் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) இரண்டு ஜாதி: ஆறு ஸ்க்ரூ பழைய வகை, இரண்டு தூண் புதிய வகை. பாடியில் எதற்குத் துளை இருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது நெக்கைப் பொருத்தும் இடத்தில். நெக்கை பாக்கெட்டில் வைத்து கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்து பிரிட்ஜின் இரு ஓர சேடில்களுக்கு (கம்பி உட்காரும் சிறு கட்டைகள்) தையல் நூலை இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃபிரெட்டில் நூலுக்கும் நெக் விளிம்புக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக வரும்வரை நெக்கை நகர்த்திவிட்டு, அப்புறம்தான் குறி போட வேண்டும். இங்கே ஒரு மி.மீ. விலகினாலும் வாசிக்கும்போது ஓரக் கம்பி பலகையை விட்டு வழுக்கும்.

நெக்கில் துளையிட ஒரு நூல் (⅛ அங்குலம்) பிட் போதும். நெக்கின் அடிப்பகுதி மொத்தமே ஓர் அங்குலக் கனம்தான். ஆகவே பிட்டின் முனையிலிருந்து 17 மி.மீ.யில் டேப் சுற்றிவிட்டு இறக்குங்கள். இல்லையென்றால் பிட் ஃபிரெட் பலகை வழியே எட்டிப் பார்க்கும். பாடித் துளையில் ஸ்க்ரூ தடையின்றி நழுவ வேண்டும். அதற்கு 4.5 மி.மீ. பிட் வேண்டும். பாடியிலும் மரை கடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே இடுக்கு நிற்கும். மேப்பிள் கடினமான மரம் என்பதால் ஸ்க்ரூவில் சோப்பு தேய்த்து முறுக்குங்கள். டியூனரின் (கம்பியை முறுக்கும் சாவி) பொடி ஸ்க்ரூ தலை முறிந்தால் எடுப்பது பெரும் பாடு.

ஒயரிங்குக்கு வேண்டிய ஒயர், ஈயம், 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், காப்பர் டேப் எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 250கே, ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்புக்கு 500கே பாட் (வால்யூம், டோன் திருகும் பாகம்) போடுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்னால் பாட்டின் முதுகு சூடேறாது. ஈயம் பந்தாக உருண்டு நிற்கும், ஒட்டாது. உப்புத்தாளால் முதுகைச் சுரண்டிவிட்டு 60 வாட்டில் பற்றவையுங்கள்.

உங்கள் தொகைக்கு என் பரிந்துரை: நெக் நேராக உள்ள பழைய கிட்டார் ஒன்றை வாங்குங்கள். பிக்கப், பாட், நட் இவற்றை மட்டும் மாற்றுங்கள். கைவேலையும் பழகும், அந்த வாரமே வாசிக்கவும் செய்யலாம்.

பூட்டி முடித்த கிட்டாரில் ஓயாமல் 'உம்ம்' என்று இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது. என்ன கோளாறு?
வாசகர், குரோம்பேட்டை

தொட்டால் குறைவது நல்ல அறிகுறி. பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது. பிக்கப்பும் பாட்டும் உட்காரும் குழிகளுக்குள் காப்பர் டேப் ஒட்டி, அதை எர்த்தோடு இணையுங்கள். டேப் துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பில் உள்ளனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். தொட்டால் இரைச்சல் கூடினால்தான் கவலை: ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கும், அல்லது பிரிட்ஜ் ஒயர் விட்டுப்போயிருக்கும். ஆம்ப் மாட்டும் பிளக் பாயிண்டில் எர்த் உண்டா என்பதையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கம்பியைத் தொட்டு 'சுர்' என்றால் அன்றைக்கு வாசிப்பதை நிறுத்திவிடுங்கள்.

ஐப்பசி மழை வந்தால் கம்பி ஃபிரெட்டில் உரசுகிறது. டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) திருகலாமா?
வாசகர், அடையாறு

அளந்துவிட்டுத் திருகுங்கள். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃபிரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டு மறுபடி அளவு பாருங்கள். இடைவெளி சரியாக இருந்தும் உரசினால் டிரஸ் ராடைத் தொடாதீர்கள். அந்த ஃபிரெட் தூக்கியிருக்கும்.