அம்மாவின் வீட்டுப் பத்திரத்தை வைத்துப் படம் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. விருகம்பாக்கத்தில் அம்மாவின் சொந்த வீட்டில் அவருடன் இருக்கிறேன். எட்டு வருடமாக எடிட்டர். கல்யாண வீடியோ, விளம்பரம், கார்ப்பரேட் படம் என்று மாதம் சராசரியாக 60,000 ரூபாய் வருகிறது; வீட்டுச் செலவு 32,000. எஃப்டியில் 5 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 4 லட்சம் இருக்கிறது. சொந்தமாக ஒரு படம் இயக்கப் போகிறேன். பட்ஜெட் 28 லட்சம். என் சேமிப்பு 9 லட்சம், நண்பர்கள் ஆறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் தருகிறார்கள். மீதி 13 லட்சத்தை ஒரு ஃபைனான்சியர் மூன்று வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறார். வீட்டை அடமானம் வைக்க அம்மாவும் தயார். இரண்டில் எது நல்லது?

பதில்: இரண்டுமே வேண்டாம். கதையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் படம் பார்க்கிறவன், அவ்வளவுதான். கணக்கை மட்டும் பார்ப்போம்.

மூன்று வட்டி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். வருடத்துக்கு அது 36 சதவீதம். 13 லட்சத்துக்கு மாதம் 39,000 ரூபாய், அதாவது உங்கள் வீட்டுச் செலவைவிட அதிகம். ஷூட்டிங் தொடங்கி ரிலீஸ் வரை ஒன்றரை வருடம் என்று வைத்தால் (சிறு படத்துக்கு அதுவே வேகம்தான்) வட்டி மட்டும் 7 லட்சத்தைத் தாண்டும். அசல் அப்படியே நிற்கும். வெள்ளிக்கிழமை வர வேண்டிய படம், கடன் பாக்கிக்காக நடக்கும் வியாழன் இரவுப் பஞ்சாயத்தில் நின்றுபோன கதைகள் என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்.

வீட்டை அடமானம் வைத்து வாங்கும் கடன் அந்த அளவுக்கு மோசமில்லை. 10 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு 13 லட்சம் என்றால் தவணை மாதம் 17,200 ரூபாய் அளவில் வரும். ஆனால் உங்கள் வருமானம் மாதச் சம்பளம் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலையே இருக்காது; தவணை மட்டும் ஆடி பார்த்து நிற்காது. அம்மா ‘சரி’ என்று சொல்வது உங்கள் மேல் உள்ள பாசத்தில். அந்த வீடுதான் உங்களுக்கு வாடகையை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. வாடகை இல்லாததால்தான் நீங்கள் சினிமாவில் தாக்குப்பிடிக்கிறீர்கள்.

இப்போது நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பட்ஜெட் தாளுக்கு வருகிறேன். 22 நாள் படப்பிடிப்பு வரி வரியாக இருக்கிறது: கேமரா வாடகை, லைட் யூனிட், பேட்டா, வண்டி, மாலை டீக்கு பிஸ்கட் வரை. மொத்தம் 25 லட்சம். படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளுக்குக் கடைசியில் ஒரே வரி, ‘போஸ்ட், இதர: 3 லட்சம்’. ஒரு எடிட்டர் இப்படி எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எடிட்டிங் உங்கள் கை வேலை, சரி. டப்பிங், பின்னணி இசை, மிக்ஸிங், டிஐ (நிறம் சரிசெய்வது), சப்டைட்டில், சென்சார், டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), தியேட்டருக்குக் கட்டும் டிஜிட்டல் கட்டணம், போஸ்டர் எல்லாம் அந்த ‘இதர’வுக்குள் அடங்குமா? எடுத்து முடித்து ஹார்டு டிஸ்க்கிலேயே தூங்கும் படங்களில் பல இந்த ஒரு வரியில் சிக்கியவைதான். அரசு மானியம் 7 லட்சத்தை வரவில் எழுதியிருக்கிறீர்கள். அது படம் முடிந்து, விண்ணப்பித்து, குழு பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு வருவது. வந்தால் வரட்டும், தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

என் யோசனை இது. எஃப்டியில் 4 லட்சத்தைத் தொடாதீர்கள். அது ஒரு வருடச் சாப்பாடு. மீதி 5 லட்சமும் நண்பர்களின் 6 லட்சமும் சேர்ந்தால் 11. அதில் 4 லட்சத்தைப் போஸ்ட் வேலைகளுக்கென்று முதல் நாளே தனிக் கணக்கில் போட்டு, ஷூட்டிங் முடிகிறவரை மறந்துவிடுங்கள். ஆக, படப்பிடிப்புக்கு 7 லட்சம். நாளைக் குறைப்பதா, லொக்கேஷனைக் குறைப்பதா, கதையையே நாற்பது நிமிடத்துக்குள் அடக்குவதா என்பது உங்கள் தொழில். ஷூட்டிங்கை ஆடி மாதத்தில் வைத்தால் இழக்கும் வருமானமும் குறைவு. ரஃப் கட் (முதல் எடிட் வடிவம்) தயாரானதும், தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்எஃப்டிசி) கோவாவில் நவம்பரில் நடத்தும் வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்ற சினிமாச் சந்தையின் வியூவிங் ரூம் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். முடிக்கப் பணம் தேடுகிறவர்கள் போகும் இடம் அது.

நண்பர்கள் தருவது கடனா, பங்கா, அன்பளிப்பா? வாட்ஸ்அப்பில் ‘ஓடினா பாத்துக்கலாம்’ என்று விடாமல் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்பளிப்பு என்றால், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வருவது மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் உங்கள் வருமானமாகி வரிக்குள் வரும். கடன் என்றால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, வங்கி வழியாகத்தான். லாபம் தருகிறேன் என்று இன்ஸ்டாகிராமில் ஊரைக் கூட்டிப் பணம் திரட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

அப்புறம், கடிதத்தின் ஓரத்தில் ‘கம்பெனிகள் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், நான் ரிட்டர்ன் போடுவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும்தான் எனக்குக் கோபமே வந்தது! எடிட்டரும் வருமான வரிச் சட்டத்தில் திரைக் கலைஞர்தான். 44ஏடிஏ என்ற பிரிவு எண்ணால் நாம் பழகிய உத்தேச வருமான முறையில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். உங்கள் வருட வரவு 7.2 லட்சம், அதில் பாதி 3.6 லட்சம். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. கம்பெனிகள் முன்கூட்டியே வரியாகப் பிடித்த டிடிஎஸ் முழுவதும் திரும்பி வர வேண்டிய பணம். வருடம் 5 லட்சத்துக்குப் பிடித்திருந்தால் 50,000 ரூபாய், உங்கள் கணக்கில் கிட்டத்தட்ட அரை நாள் ஷூட்டிங். நிதியாண்டு முடிந்து வரும் டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தவறவிட்ட பழைய வருடங்களுக்கு மனுப் போட்டுப் பார்க்க முடியுமா என்று ஒரு ஆடிட்டரைக் கேளுங்கள். ரிட்டர்ன் இருந்தால் நாளைக்கு எந்த வங்கியும் உங்களை உட்காரவைத்துப் பேசும்.

மருத்துவக் காப்பீடு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. படம் தொடங்குமுன் உங்களுக்கும் அம்மாவுக்கும் எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம், அதனால் தள்ளிப்போட வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.