முசோலினி காலண்டர் வாங்கினால் போலீஸ் பிடிக்குமா?

கேள்வி: போலோக்னாவில் முதுகலை படிக்கிறேன். நண்பர்களோடு முசோலினி பிறந்த ஊரான பிரெடாப்பியோவுக்குப் போயிருந்தோம். அவர் படம் போட்ட காலண்டர், லைட்டர் எல்லாம் கடையில் பகிரங்கமாகத் தொங்குகின்றன. பாசிசச் சின்னங்களுக்கு இத்தாலியில் தடை இல்லையா? நண்பர் ஒரு காலண்டர் வாங்கினார். விளையாட்டாகக் கையை நீட்டி 'ரோமானிய சல்யூட்' வைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். வம்பு வருமா?

பதில்: காலண்டரால் வராது. அதை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமல்ல.

தடை இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. கலைக்கப்பட்ட பாசிசக் கட்சியை எந்த வடிவிலும் மீண்டும் கட்டக் கூடாது என்கிறது 1948 அரசியலமைப்பு. அதை நடைமுறைப்படுத்த 1952இல் வந்தது ஷெல்பா சட்டம். பாசிசத்தைப் போற்றிப் பிரசாரம் செய்தாலும், பொதுக்கூட்டத்தில் பாசிசச் சடங்குகளை நிகழ்த்தினாலும் சிறை. ஆனால் வெறும் புகழ்ச்சி போதாது, அந்தக் கட்சி மீண்டும் தலையெடுக்க வழிசெய்யும் ஆபத்து இருந்தால்தான் தண்டிக்கலாம் என்று 1957, 1958 தீர்ப்புகளில் அரசியலமைப்பு நீதிமன்றம் வரம்பு கட்டிவிட்டது. ஒரு லைட்டரால் கட்சி உயிர்பெறும் என்று எந்த அரசுத் தரப்பு வழக்கறிஞர் வாதாடுவார்? பிரெடாப்பியோ கடைகள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். இதை அடைக்க, விற்பனையையே குற்றமாக்கும் ஒரு மசோதா 2017இல் கீழவையில் நிறைவேறியது. மேலவையைத் தாண்டுவதற்குள் நாடாளுமன்றத்தின் காலம் முடிந்துவிட்டது. தாண்டியிருந்தால் கடைக்காரருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்றாகியிருக்கும்.

சல்யூட் வேறு கதை. மிலானில் 2016இல் நடந்த ஒரு நினைவுகூட்டத்தில் வரிசையாக நின்று கை உயர்த்தி, 'பிரெசெந்தே' ('ஆஜர்') என்று முழங்கியவர்களின் வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2024 ஜனவரியில் அதன் விரிவு அமர்வு சொன்னது: பொதுக்கூட்டத்தில் செய்யும் இச்சடங்கு, அங்கே மேற்சொன்ன ஆபத்து உண்மையில் இருந்தால், ஷெல்பா சட்டப்படி குற்றம். இனவெறியைத் தூண்டும் அமைப்பின் அடையாளமாகவும் அமைந்தால் இனவெறிக்கு எதிரான 1993ஆம் ஆண்டின் மன்சீனோ சட்டமும் சேர்ந்து பாயலாம். ஒரே சைகைக்கு ஒரு ஊரில் தண்டனையும் இன்னொரு ஊரில் விடுதலையும் கிடைத்துவந்த குழப்பத்துக்காகத்தான் விரிவு அமர்வே கூடியது. இனியும் ஒவ்வொரு வழக்கிலும் சூழலைத்தான் பார்ப்பார்கள். குழப்பம் முழுதாகத் தீரும் என்று நான் நம்பவில்லை.

சல்யூட் விஷயத்தில் இரண்டு சட்டங்களுமே பொதுக்கூட்டத்தைத்தான் பேசுகின்றன. உங்கள் நண்பர் தனியாக நின்று எடுத்த படம் அதில் சேராது. ஆனால் அக்டோபர் 28 (முசோலினியை ஆட்சிக்குக் கொண்டுவந்த 'ரோம் நோக்கிய அணிவகுப்பு' நினைவு நாள்) போன்ற நாட்களில் அங்கே பாசிச அபிமானிகள் திரளுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நின்று கை நீட்டினால் விளையாட்டு என்று சொல்லித் தப்புவது கடினம். கால்பந்து மைதானத்தில் இன்னும் கவனம் தேவை. மன்சீனோ சட்டம் சொல்லும் இனவெறி அமைப்புகளின் சின்னங்களோடு உள்ளே போனாலே மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. வெளிநாட்டு மாணவர் மீது குற்ற வழக்கு விழுந்தால் தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதிலும் சிக்கல் வரலாம்.

அந்தப் படத்தை இணையத்தில் போட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள். அடுத்து ஜெர்மனி போவதாக இருந்தால், நாஜிச் சின்னம் உள்ள எதையும் அங்கே வெளியே காட்டக் கூடாது. இத்தாலியின் நெகிழ்வு அங்கே கிடையாது.