குண்டுமல்லியும் 26 கேள்விகளும்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் செவிலியர் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். அதற்கு முன் ஏழு ஆண்டுகள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தேன். பிழைக்க வழியில்லாத குழந்தைகளுக்கு வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை தருவது பற்றிச் செவிலியர்களின் மனப்போக்கு என்ன என்பதே என் ஆய்வு. இதற்காக ஆஸ்திரேலிய வினாத்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘இந்த அனுபவம் எனக்கு மனநிறைவு அளித்தது’ என்ற வரியைப் படித்ததும், உடன் வேலை பார்த்த அக்கா ஒருவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “குழந்தை சாவதில் என்ன மனநிறைவு?” என்று கேட்டார். என் தமிழ் தவறா, கேள்வியே தவறா? மனதை எண் போட்டு அளக்கத்தான் முடியுமா?

ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அக்காவைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆய்வுக்கு முதல் உண்மையான விடையைத் தந்தவர் அவர்தான்.

நீங்கள் சொல்வது விக்டோரியா கெய்னும் உடனாய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட அளவுகோல் என்று நினைக்கிறேன். 26 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் விடை. அதை நான் மதிக்கக் காரணம், அது செவிலியரின் மனதை மட்டும் கேட்டு நின்றுவிடுவதில்லை. வார்டில் ஆள் போதுமா, தனியிடம் இருக்கிறதா, மருத்துவர்கள் துணை நிற்கிறார்களா, பெற்றோரைக் கலந்துகொள்கிறார்களா என்றெல்லாம் கேட்கிறது. ஒருவரே இரவெல்லாம், குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் பல வார்மர் படுக்கைகளுக்கு நடுவில் ஓடும்போது, சாகும் குழந்தையின் அருகே உட்கார மனமிருந்தும் முடியாது. அதைக் கல்நெஞ்சம் என்று எழுதிவிட்டால் பெரிய அநியாயம்.

அளக்க முடியுமா என்கிறீர்கள். முடியும், அளக்கவும் வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகமே நம்பி, போதிய வலிமருந்து இல்லாமல் அறுவை சிகிச்சை செய்த காலம் உண்டு. அந்த நம்பிக்கையை உடைத்ததில் இந்தியாவில் பிறந்த மருத்துவர் கே. ஜே. எஸ். ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. மருந்து அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டியவர்களின் எண்ணத்தில்தான் கோளாறு.

இனி உங்கள் வரிக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும்.

என் அக்கா மகள் ஏற்காட்டில் இருக்கிறாள். முதல் பிரசவம், 27 வாரத்திலேயே வலி வந்து மலையிறங்கினாள். ஆண் குழந்தை. மூன்றாம் நாள் மூளையில் ரத்தக்கசிவு. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிஸ்டர், குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை ஈரப்பஞ்சால் நனைத்து நனைத்து, ஒரு விரற்கடை எடுப்பதற்கு அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார். அந்தத் தோல் அவ்வளவு மெல்லிசு, இழுத்தால் உரிந்து வந்துவிடும். பிறகு துணியில் சுற்றி, “மடியில் வைத்துக்கொள் கண்ணு, நான் இங்கேயேதான் இருக்கிறேன்” என்றார். அவள் மகனை முதன்முதலாகத் தொட்டது அப்போதுதான். நாற்பது நிமிடம் அவள் மடியில் இருந்தான்.

குழந்தையை ஆண்கள் எடுத்துப்போய்ப் புதைத்தோம். தாயை அழைத்துப் போகவில்லை. பச்சைப் பிள்ளைக்குப் பதினாறாம் நாள் காரியமும் கிடையாது. “போனது போகட்டும், அடுத்தது தங்கும்” என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்து போனோம். நானும் அப்படித்தான் போனேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. மறுநாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல், மார்பு கல்லாகிவிட்டது, ரவிக்கையெல்லாம் நனைந்தது. வீட்டில் யாருக்கும் அது நினைவிலேயே இல்லை. அந்த சிஸ்டர்தான் பூ மார்க்கெட்டிலிருந்து குண்டுமல்லி வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டச் சொன்னார். நம் பாட்டிகள் செய்த வைத்தியம்தான். வேலூரில் இதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் பால் சுரப்பைக் குறைக்கிறது என்று 1988இல் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

அந்த சிஸ்டரிடம் ‘மனநிறைவு அளித்ததா’ என்று கேட்டிருந்தால் அவரும் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பார். தமிழில் மனநிறைவு என்றால் கல்யாணம் நல்லபடி முடிந்ததும் வருவது. ‘அன்று வேலை முடிந்து போகும்போது, செய்ய வேண்டியதைச் செய்தேன் என்று தோன்றியது’ என்று எழுதிப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் நிற்காது, ஆனால் கேள்வி பிழைக்கும். அளவுகோலை உருவாக்கியவர்களுக்கும் எழுதி, இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

எனக்குக் கூடுதல் கவலை வேறொரு கூற்றின் மேல். ‘எந்த நிலையிலும் குழந்தைகள் சாகக்கூடாது என்ற நம்பிக்கை சமூகத்தில் இருக்கிறது.’ ஆஸ்திரேலியாவில் இதன் பொருள், விடாப்பிடியாக வென்டிலேட்டரில் வைத்திருக்கச் சொல்லும் சமூகம். இங்கே அப்படிப்பட்ட குடும்பமும் உண்டு. மூன்றாம் நாளே வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கும் குடும்பமும் உண்டு. பெண் குழந்தை என்றால் அந்த அவசரம் கூடுவதும் உண்டு. வேண்டாமென்ற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் நம் சேலத்தில்தான் தொடங்கியது; ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கூற்றுக்கு இங்கே விழும் ‘ஆம்’ எதைக் குறிக்கிறது என்று பத்துப் பேரிடமாவது உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். ‘ஆதரவுச் சிகிச்சை’ என்ற சொல்லையும் அப்படியே சோதியுங்கள். பலர் காதில் அது புற்றுநோய் என்றும், சிலர் காதில் கைவிடுதல் என்றும் விழும்.

இன்னொன்று. நிரப்பிய தாள்களை வார்டு பொறுப்பாளர் கையால் வாங்காதீர்கள். மேலதிகாரி பார்ப்பார் என்று தெரிந்தால் எல்லோரும் நல்ல பிள்ளையாகத்தான் வட்டமிடுவார்கள். மூடிய பெட்டி போதும், பெயர் வேண்டாம். கடைசியில் அரைப் பக்கம் வெறுமையாக விடுங்கள். அந்தக் குண்டுமல்லிக்கு 26இல் எதிலும் இடமில்லை.

வரைவு முடிந்ததும் அனுப்புங்கள். அக்கா மகளிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேள்விகளைத் தானும் பார்க்க வேண்டும் என்கிறாள்.